டயக்னாஸ்டிக்: பழுதறிதல்

மூலக்கடை தொடங்கி மாதவரம் வரை ஜி.என்.டி. சாலையோரப் பட்டறைகளில் 'டயக்னாஸ்டிக்' என்ற சொல் அதிகம் புழங்காது. "செக் லைட் எரியுதுண்ணே, ஸ்கேனர் போட்டுப் பாருங்க" என்பதே பேச்சு. அதனால், வண்டியின் கணினிப் பெட்டியோடு பேசும் அந்த ஸ்கேனர்தான் பழுதைக் கண்டுபிடிக்கிறது என்ற நினைப்பும் ஊறிவிட்டது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'டயா' என்றால் பிரித்து. 'கிக்னோஸ்கெய்ன்' என்றால் அறிதல். வடமொழி 'ஞானம்' இந்த அறிதலின் வேரோடு உறவுடையது. ஆக, பிரித்தறிதல். மருத்துவத்தில் நோயறிதல் என்கிறோம். வண்டிக்கு அது ஒட்டவில்லை. 'கண்டறிதல்' எதற்கும் பொருந்தும் அகலமான சொல். 'பழுது பார்க்கப்படும்' என்று பட்டறைப் பலகைகளிலேயே இருக்கிறதே, அந்தப் பழுதை எடுத்துக்கொண்டு 'பழுதறிதல்' என்பதே சரி.

ஸ்கேனர் படிப்பது வேறு, பழுதறிதல் வேறு என்று எனக்குப் புரிந்தது ஒரு பழைய காரால். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பீடுயினோ என்ற திறமூல எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தியிருந்தோம். ஸ்கேனரைச் செருக 16 முள் சாக்கெட்டும் வைத்திருந்தோம். ஸ்கேனரைச் செருகினால் இணைப்பு இல்லை என்றது. "பெட்டி செத்துப்போச்சு தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். எஞ்சினோ சீராக ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி சாகவில்லை, அதற்கு ஸ்கேனரின் மொழி தெரியாது. எங்களுடையது ஆர்டுயினோ மெகா என்ற சிறு மின்னணுப் பலகையில் ஓடுவது. வண்டிப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இருகம்பி இணைப்பான கேன் (CAN) வசதியே அந்தச் சிப்பில் இல்லை. டியூனிங் மென்பொருளோடு சீரியல் வழியாகத்தான் பேசும். ஸ்கேனரோ, பதின்ம எண்ணில் சொன்னால், 2015 என்ற அடையாளத்தில் எல்லாப் பெட்டிகளையும் பார்த்துக் கேள்வி கேட்கும். எஞ்சின் பெட்டி 2024-இல் பதில் சொல்ல வேண்டும்.

தனியாக ஒரு கேன் பலகை சேர்த்து, சாக்கெட்டின் 6, 14 ஆம் முட்களுக்கு இரு கம்பிகளை முறுக்கி இழுத்தோம். கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை. வேகம் நொடிக்கு 500 கிலோபிட். இனி ஆர்.பி.எம். கேட்டால் இரண்டு பைட் வரும்: 12, 128. முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் 800. ஐடிலிங் சரி. ரஸ்ஈஎஃப்ஐ என்ற இன்னொரு திறமூலப் பெட்டியின் பலகைகளில் கேன் உள்ளேயே இருப்பதால் இவ்வளவு வேலை இல்லை.

ஆனாலும் இது அளவு காட்டுவதுதான். பழுதுக் குறியெண் வேண்டுமென்றால், எது பழுது என்று முடிவெடுக்கும் நிரல் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அப்படி வரும் குறியெண்ணும் அடையாளம் மட்டுமே. ஸ்கேனரைக் 'குறியெண் படிப்பான்' என்று சொல்லலாம், பழுதறி கருவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'பி0301' என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. அதே அண்ணன் வேறொரு வண்டியில் முதல் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேனர் போட்டார். 'பி0302'.

"கோடு ரெண்டுக்குப் போயிடுச்சு பாரு. அப்போ காயில்தான்."