ஆண்ட்ரோமீடாவில் புதுப் புள்ளியா? நோவா என்று அறிவிக்கும் முன்

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், நம் பக்கத்து கேலக்ஸியான (விண்மீன் மண்டலம்) ஆண்ட்ரோமீடாவின் படங்கள் எங்களுக்கு மின்னஞ்சலில் வரத் தொடங்கிவிடும். கூடவே ஒரு வட்டம் போட்டு, "சார், இது நோவாவா?" என்ற கேள்வி. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் வெடிப்பதை வீட்டு மாடியிலிருந்து படம் பிடிக்க முடிகிறதே, அதுவே பெரிய விஷயம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 65 நோவாக்கள் வெடிப்பதாக மதிப்பீடு. வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம்) தன் துணை விண்மீனிடமிருந்து உறிஞ்சிய ஹைட்ரஜன் மேற்பரப்பில் சேர்ந்து சட்டென்று பற்றிக்கொள்வதுதான் நோவா. விண்மீன் அழிவதில்லை.

ஆனால் அனுப்பப்படும் புள்ளிகளில் பல, மைரா வகை மாறுவிண்மீன்கள், அதாவது ஒளி மெல்ல ஏறி இறங்கும் சிவப்பு விண்மீன்கள். ஏமாறுவதில் வெட்கமில்லை. வானியலாளர் எட்வின் ஹபிளே 1923 அக்டோபரில் எடுத்த ஒளிப்படத் தட்டில் நோவா என்று குறித்த ஒன்றை அப்புறம் அடித்துவிட்டு, மாறுவிண்மீன் என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். அது செஃபீடு, அதாவது தூரத்தை அளக்க உதவும் வகை மாறுவிண்மீன்; ஆண்ட்ரோமீடா தனி கேலக்ஸி என்பது அதை வைத்துத்தான் உறுதியானது. நமக்கு அந்த யோகமெல்லாம் அடிக்காது!

மைரா, சிவப்பு ஃபில்டரில் பளிச்சென்றும் நீலத்தில் மங்கலாகவும் இருக்கும். மெதுவாக, மாதக்கணக்கில் ஏறும். நோவா ஓரிரு நாளில் எகிறும். பழைய படங்களில் அதே இடத்தில் ஏதாவது இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காக உடனே தள்ளியும் விடாதீர்கள். 2008 டிசம்பரில் ஜப்பானிய ஆர்வலர்கள் நிஷியாமாவும் கபாஷிமாவும் கண்ட எம்31என் 2008-12ஏ என்ற நோவா (எம்31 என்பது ஆண்ட்ரோமீடாவின் பட்டியல் பெயர்) ஏறத்தாழ ஆண்டுதோறும் வெடிக்கிறது. அதன் வெண்குறுமீன் சந்திரசேகர் எல்லையை, அதாவது ஒரு வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்ச நிறையை, நெருங்கிவிட்டது என்று கணிக்கிறார்கள். அந்த நோவா இரண்டே நாளில் மங்கிவிடும். மேகம் மூடினால் போச்சு.

இன்னொன்று, கேலக்ஸியின் நடுப்பகுதி. நோவாக்கள் அதிகம் வருவது அங்கேதான். அழகுக்காகப் படத்தைப் பிரகாசமாக்கும்போது அந்த இடம்தான் வெளுத்துப்போகும். ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் இருந்தால் போடுங்கள்: சாதாரண ஒளியில் மறைந்த நோவாவும் அதில் மாதக்கணக்கில் தெரியும்.

ஒரே படத்தை நம்ப வேண்டாம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டாலும் சென்சாரில் இப்படித்தான் புள்ளி விழும். சற்று இடைவெளி விட்டு எடுத்த இரண்டு படங்களிலும் இருந்தால், வானில் புதிதாகத் தோன்றுபவற்றை அறிவிக்கும் இணையதளமான டிரான்சியன்ட் நேம் சர்வரில் பதிவு செய்யுங்கள். நிறமாலை எடுத்து (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து) உறுதிசெய்வது லடாக்கின் ஹான்லேயில் உள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கி போன்ற பெரியவற்றின் வேலை. எங்களுக்கு அனுப்புவதாக இருந்தால் மெருகேற்றிய ஜேபெக் வேண்டாம். மூலக் கோப்பும், உலகப் பொது நேரத்தில் எடுத்த மணியும் போதும்.