பன்னிரண்டாவது இடத்தில் ஒரு மாற்றம்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒவ்வொரு தடவையும் நோயாளியிடமிருந்து செல் எடுப்பார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தேவையில்லை. கட்டியிலிருந்து எடுத்த செல்கள் சில சமயம் குடுவையில் நிற்காமல் பெருகும். 37 டிகிரி வெப்பம், ஊட்டத் திரவம், இடம் நெருக்கடியானதும் வேறு குடுவை. இப்படிப் பல பத்தாண்டுகள் ஓடும் செல்களைத்தான் செல் லைன் என்கிறோம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பேர்போனது டி24. ஸ்வீடனைச் சேர்ந்த 81 வயதுப் பெண்ணின் கட்டியிலிருந்து வந்தது. இதன் டிஎன்ஏவை எலிச் செல்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அந்த எலிச் செல்கள் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் பெருகுவதை நிறுத்தி, ஒற்றை அடுக்காகப் படிபவை. டி24 டிஎன்ஏ புகுந்த சில மட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. காரணம் ஹெச்-ராஸ் என்ற மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததை 1982-ல் கண்டுபிடித்தார்கள்.

எனக்குத் தீராத வியப்பு இங்கேதான். அந்த மரபணு உருவாக்கும் ராஸ் புரதம் ஒரு சுவிட்ச். மூன்று பாஸ்பேட் உள்ள ஒரு மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது 'பெருகு' என்று கட்டளையிடும். இன்னொரு புரதம் வந்து, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தாலான தன் 'விரலை' உள்ளே நீட்டும். ஒரு பாஸ்பேட் அறுபடும், கட்டளை நிற்கும். அந்த விரல் நுழையும் வாசலில், ராஸ் புரதத்தின் 189 அமினோ அமிலங்களில் 12-வதாக, கிளைசின் இருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே சின்னது அதுதான். பக்கவாட்டில் ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே. டி24-இல் அந்த ஓர் எழுத்து மாறியதால், இந்த இடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பக்கவாட்டில் மூன்று கார்பன் அணுக்கள். வாசல் அடைபட்டுப்போய், விரல் சரியாகப் பொருந்துவதில்லை. பாஸ்பேட் அறுபடாததால் கட்டளை ஓய்வதே இல்லை. புற்றுநோயைப் பாவத்தின் பலன் என்று இன்னமும் சொல்பவர்களுக்கு இந்த வேலினைக் காட்ட வேண்டும்.

இதே மாற்றம் இஜே என்ற செல் லைனிலும் கிடைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, இஜேயும் வேறு பெயரில் இருந்த டி24-தான், தனிச் சாட்சி அல்ல என்று. நல்லவேளையாக, வேறு பல நோயாளிகளின் கட்டிகளிலும் ராஸ் மாற்றங்கள் இருந்ததால் கண்டுபிடிப்பு நிலைத்தது. எல்லா ஆய்வுக்கும் அப்படி வாய்க்கவில்லை. ரத்தநாளச் செல் என்று நம்பிப் பல ஆய்வகங்கள் பயன்படுத்திய இசிவி304-ம் டி24 என்று டிஎன்ஏ ஒப்பீட்டில் தெரியவந்தது. செல்லின் அடையாளத்தைச் சோதிக்க ஆகும் செலவு ஆராய்ச்சிச் செலவில் ஒரு துளி. அந்தச் சோதனையைக் கட்டாயமாக்காமல் எந்த நிறுவனமும் நிதி தரக்கூடாது என்பேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆய்வுகளில் பல ஆண்டுகள் புழங்கிய கேயு7 உண்மையில் ஹீலா, அதாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல் என்பது 2013-ல்தான் வெளிவந்தது.