பந்து சாகவில்லை, அதை வேகவைக்காதீர்கள்

வெயிலில் வைத்து விரிசல் விட்டு என்னிடம் வந்ததில், இந்தக் கோடையில் இது மூன்றாவது பந்து. கிரிக்கெட் பௌலிங் இல்லை, பந்தை உருட்டிப் பின்கள் என்ற கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங். காட்பாடியில் என் சின்னப் பட்டறையில் அந்தப் பந்துக்கு விரல் நுழைக்கும் துளை போடுவதும் மேல்தோலைத் தேய்த்துச் சரிசெய்வதும்தான் எனக்கு வேலை. வாரக்கடைசியில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள் பந்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நேற்று வந்தவர் கல்லூரி மாணவர்.

"பந்து செத்துப்போச்சுண்ணா. திரும்பவே மாட்டேங்குது. டிக்கியில போட்டு வெயில்ல வச்சா எண்ணெய கக்கிடும்னு சொன்னாங்க. நாலு நாள் வச்சேன்."

வாங்கிப் பார்த்தேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு. கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து மற்ற இரண்டு துளைகளை நோக்கி மயிரிழை மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தேன், மாட்டியது. கீறல் என்றால் தேய்த்து எடுத்துவிடுவேன். இது விரிசல்.

"பந்து செத்துப்போச்சு" என்ற பேச்சை முதலில் விடுங்கள். பந்து உருளும் பாதைதான் லேன். வீசும்போது தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை அது 60 அடி. அதில் முன்பக்கம் ஏறக்குறைய 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நாட்களில் நடுவில் கெட்டியாகவும் ஓரங்களில் லேசாகவும் இருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். கடைசி 20 அடி காய்ந்த தரை, அங்கேதான் தோல் தரையைப் பிடிக்கும், பந்து திரும்பும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகள் இவ்வளவு திரும்புவதற்குக் காரணம் அவற்றின் தோலில் உள்ள நுண்துளைகள். அதே துளைகள்தான் எண்ணெயையும் குடிக்கின்றன. குடித்துக் குடித்து நிறைந்துவிட்டால், காய்ந்த இடத்துக்கு வந்த பிறகும் பந்து எண்ணெயில் ஓடுகிற மாதிரியே வழுக்கும். உள்ளே இருக்கும் கோர், அதாவது நடு எடைக்கட்டி, அப்படியே இருக்கிறது, நுண்துளைகளும் அப்படியே இருக்கின்றன. தோல் அழுக்காகியிருக்கிறது, அவ்வளவுதான். குளிக்க வேண்டிய பந்துக்குப் பாடை கட்டுகிறீர்கள்.

சூடு எண்ணெயை வெளியே கொண்டுவரும் என்பது உண்மைதான். நானும் சூடு காட்டித்தான் எடுக்கிறேன். ஆனால் விரல் துளைகளை டேப் போட்டு அடைத்து, தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 60 டிகிரியைத் தாண்டவிடாத வெந்நீரில் செய்கிறேன். பூட்டிய கார் டிக்கி மே மாத வேலூரில் எத்தனை டிகிரி போகும் என்று யார் பார்த்தது? அந்தச் சூட்டோடு பந்தைத் தூக்கி ஏசி அறையில் வைக்கிறீர்கள். தோல் ஒரு வேகத்தில் சுருங்கும், உள்பாகம் ஒரு வேகத்தில் சுருங்கும். துளை போட்ட இடம்தான் பலவீனமான இடம், அங்கே பிளக்கும்.

அடுப்படி ஓவனில் வைத்தேன் என்று ஒருவர் வந்தார். தின்னரில் ஊறவைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். 1973-ல் அமெரிக்க ஆட்டக்காரர் டான் மெக்கூன் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து, தோலை மென்மையாக்கி, அந்த ஒரே வருடத்தில் 6 பட்டங்கள் வென்றார். அதன் பிறகுதான் பந்தின் கடினத்தன்மைக்கு விதி வந்தது. அவர் ஊறவைத்தது அந்தக் காலத்து பிளாஸ்டிக் பந்து. உங்களுடையது வேறு. போதாக்குறைக்குத் தின்னர் குப்பென்று பற்றிக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், தயவுசெய்து வேண்டாம்.

எனக்கு இதைவிடக் கவலை தந்தது அந்தத் தம்பியின் மணிக்கட்டு. கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தார். பந்து திரும்பவில்லை என்று ஒரு மாதமாகக் கையை முறுக்கி முறுக்கி வீசியிருக்கிறார். 15 பவுண்டு, ஏறக்குறைய 7 கிலோ. எண்ணெய் ஊறிய பந்தைக் கைபலத்தால் திருப்ப முடியாது. வீங்கியிருந்தால் ஆடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பந்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய் வளையத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஆட்டம் முடிந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, பந்துக்கான கிளீனரையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ போட்டு முழுப் பந்தையும் துடையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். போட்டி நடுவில் திரவம் எதுவும் கூடாது, காய்ந்த துணி மட்டும்தான் என்று அமெரிக்க பௌலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி. 2019 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. 50, 60 கேமுக்கு ஒருமுறை தோலைத் தேய்க்கக் கொண்டுவாருங்கள். தகர ஷீட் போட்ட மாடியறையிலோ பரணிலோ வைக்காதீர்கள். வீட்டில் எந்த அறை குளிர்ச்சியோ அங்கே, கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.

அந்தப் பந்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை. விரிசலை அடைத்துக் கொடுத்திருக்கிறேன், எத்தனை நாள் தாங்கும் என்று உறுதி சொல்லவில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் பந்து வண்டியில் இருந்தால், இப்போதே இறங்கிப் போய் எடுத்து வாருங்கள். எடுத்ததும் ஏசியில் வைக்காதீர்கள், கூடத்தில் ஒரு துண்டைச் சுற்றி அப்படியே ஆறவிடுங்கள்.