சர்க்கரைக்கொல்லி

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி போல அமைந்த இந்தச் சொல் ஒரு மூலிகைக் கொடியின் பெயர். அதனால் பெயரைக் கேட்டதுமே, இரத்தத்தில் ஏறிய சர்க்கரையை இது கொன்றுவிடும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. மதுரை கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடையில் “சீனி வியாதிக்கு” என்று சொல்லிப் பொடி வாங்குகிறவர்கள் பலரும் அந்த நம்பிக்கையோடுதான் வாங்குகிறார்கள். ஆனால் பெயர் பிறந்தது நாக்கில்.

இதன் பச்சிலையை நன்றாக மென்று துப்பிவிட்டு ஜிகர்தண்டா குடித்தால் பாலும் குளிர்ச்சியும் தெரியும், இனிப்பு மட்டும் தெரியாது. சீனியை அள்ளிப் போட்டாலும் வாயில் மணலாக நறநறக்கும். அரை மணி நேரத்தில், சிலருக்குச் சற்றுப் பிந்தி, சுவை திரும்பும். இந்தியில் இதற்குக் குட்மார் என்று பெயர். குட் என்றால் வெல்லம், மார் என்றால் கொல். நம் பக்கத்தில் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது. ஆக இரண்டு மொழியும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன. சர்க்கரை என்ற சொல்லுக்கு மூலமான வடமொழி ‘சர்க்கரா’வுக்குப் பரல், சிறுகல் என்ற பொருளும் உண்டு. இலையை மென்றபின் சீனியைச் சுவைத்தவர்களுக்கு அது நன்றாகவே விளங்கும்.

செடியின் நல்ல தமிழ்ப் பெயர் சிறுகுறிஞ்சான். அழகர்மலை, சிறுமலை போன்ற குன்றுக்காடுகளில் மரங்களைப் பற்றிப் படரும் கொடி. பெருங்குறிஞ்சான் என்பது வேறு கொடி. பொடியாக வாங்கும்போது இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால் இலையாக வாங்குவதே மேல்.

இனிப்பை மறைப்பது ஜிம்னீமிக் அமிலம். நாக்கின் இனிப்பு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைச் சேரவிடாது. நீரில் சோப்புப் போல நுரைக்கும் சப்போனின் என்ற தாவரப் பொருள் வகையைச் சேர்ந்த பல சேர்மங்களுக்கு இது பொதுப்பெயர். உதகமண்டலத்தில் அரசுப் பணியில் இருந்த டேவிட் ஹூப்பர் 1887-இல் இதைப் பிரித்தெடுத்து எழுதினார். இக்கொடியின் அறிவியல் பெயரில் வரும் ஜிம்னீமா என்ற பேரினப் பெயர் கிரேக்கம்; வெற்று இழை என்று பொருள், பூவின் உறுப்பைப் பார்த்து வைத்தது. நமக்கு அந்தக் கிரேக்கம் தேவையில்லை. ‘குறிஞ்சான் அமிலம்’ என்றே எழுதலாம். எந்தக் கொடியிலிருந்து வந்தது என்பது பெயரிலேயே தெரியும்.

இரத்தச் சர்க்கரையை இது குறைக்காதா? குறைக்கலாம். 1990-இல் வெளியான சென்னைப் பல்கலைக்கழக ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச்சாரத்தை, வழக்கமான மாத்திரையுடன் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் 22 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்களும் மருத்துவர் கண்காணிப்பில், அளவிட்ட சாரத்தை உட்கொண்டவர்கள்.

கடைப் பொடியில் அந்த அளவு தெரியாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். மாத்திரையை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் நம்பினாலோ, ஏறிய சர்க்கரை சத்தமில்லாமல் கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கும். நாக்கில் இனிப்பு தெரியாமல் போவதை வைத்து இரத்தத்தில் நடப்பதைக் கணக்கிட முடியாது. பொடி எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.