அரைச் சம்பளமும் ஒரு கையெழுத்தும்

புதுச்சேரி முதலியார்பேட்டைப் பக்கம் பழைய மில் தொழிலாளி ஒருவரிடம் 'லே-ஆஃப்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். "தினம் போய்க் கையெழுத்துப் போடணும், பாதிச் சம்பளம் வரும்" என்பார். வேலை தர முடியாத நாட்களில் ஆளை நீக்காமல் நிறுத்திவைப்பதுதான் அது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு இன்று பெரும்பாலும் வேலை போய்விட்டது என்று பொருள். அந்தந்த நாட்டுச் சட்டம் செய்த வேலை இது.

100 பேர் உள்ள ஆலைக்கு ஆர்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பேரை வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது 100 பேரையும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வேலை நேரத்தைக் குறைக்கலாம். ஆலைக்கு இரண்டும் ஒரே கணக்கு. ஆனால் முதல் வழியில் 20 வீடுகளில் சம்பளம் அடியோடு நிற்கும். இரண்டாவதில் 100 வீடுகளிலும் கொஞ்சம் குறையும். எது தனக்கு மலிவு என்றுதான் முதலாளி பார்ப்பார். அந்த மலிவை முடிவு செய்பவை பணிநீக்க விதியும், இழப்பீடும், அரசு தரும் உதவியும்.

2009இல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வேலையின்மையோ பெரிதாக அசையவில்லை. அமெரிக்காவுக்கு அவ்வளவு அடி இல்லை, ஆனாலும் அந்த அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. ஜெர்மனியில் 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்றொரு ஏற்பாடு உண்டு. வேலை நேரம் குறைவதால் இழக்கும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து கிடைக்கும். நல்ல காலத்தில் சேர்த்துவைத்த ஓவர்டைம் மணிகளை மந்த காலத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் கைகொடுத்தது.

இந்த ஜெர்மன் ஏற்பாட்டுக்கு நம்மிடமும் ஓர் உறவுக்காரன் உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்திலும், 2025இல் அதற்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும், லே-ஆஃப் நாளுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. ஆனால் அந்தப் பாதியைத் தர வேண்டியவர் முதலாளி. அதுவும் கையில் காசில்லாத நேரத்தில்! இங்கேதான் ஏற்பாடு பலவீனமாகிறது என்பேன். மேலும், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த, மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் வருகைப் பதிவேட்டில், பெயருள்ள தொழிலாளிக்கே அது உண்டு. வராதவருக்குப் பதிலாக வேலை பார்க்கும் பதிலிக்கும் தினக்கூலிக்கும் கிடையாது.

அப்புறம் என்ன நடக்கும்? சட்டம் தொடாத ஆட்களை எடுப்பார்கள். கடலூர், புதுச்சேரித் தொழிற்பேட்டைகளில் கான்ட்ராக்ட் ஆட்கள் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்டர் குறைந்தால் கான்ட்ராக்டருக்கு ஒரு போன். மறுநாள் பத்துப் பேர் வர மாட்டார்கள். ஸ்பெயினில் இதுவே நாடு தழுவி நடந்தது. ஊழியர்களில் மூன்றில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார்; 2007இல் 8 சதவீதமாக இருந்த வேலையின்மை 2013இல் 26 சதவீதமானது.

அப்படி வெளியே வருகிறவர்களைக் கிராமம்தான் தாங்குகிறது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் முதலில் வந்த 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. கொரோனா வந்த 2020-21இல் நாடு முழுக்க ஏழு கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் அந்த வேலைக்குப் போயின.

சரி, ஆளை நிறுத்தாமல் வைத்திருப்பதே எப்போதும் நல்லதா? ஆர்டர் திரும்பி வரும் என்றால் நல்லது. பழகிய கை ஆலையிலேயே இருக்கும், புது ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் செலவு மிச்சம். திரும்பி வராவிட்டால் கதை வேறு. புதுச்சேரி ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) துணி மில் 2011 டிசம்பரில் தானே புயலில் சேதமடைந்தது. பின்னால் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் லே-ஆஃபில் இருந்தார்கள். 2020இல் மில்லையே மூடிவிட்டார்கள்.