காரைக்குடியில் முதல் சிபில் ஸ்கோர்: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்

செக்காலை ரோட்டில் பலகாரக் கடை வைத்திருப்பவர் மாதச் சீட்டை வருஷக்கணக்காக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருப்பார். அடகுக் கடையில் வைத்த நகையைச் சொன்ன தேதியில் மீட்டிருப்பார். பங்காளியிடம் வாங்கிய கைமாற்றையும் தீர்த்திருப்பார். அப்படிப்பட்டவர் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் ‘-1’ அல்லது ‘என்.எச்.’ என்று வருகிறது. கடன் வரலாறே இல்லை என்பதுதான் அதன் பொருள். கெட்ட பெயர் என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையிலும் ரங்கூனிலும் கிளை திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் திறந்தது. அவ்வளவு பழைய வங்கி ஊர் இது. ஆனாலும் அவசரம் என்றால் சீட்டு, அடகு, கைமாற்று என்றுதான் நம் கால்கள் போகின்றன. இவற்றில் காட்டிய ஒழுங்கு எதுவும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் போய்ச் சேருவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் கணக்கை வைத்துத்தான் 300 முதல் 900 வரை ஸ்கோர் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான வங்கிகள் தயங்காமல் பேசும்.

சம்பளச் சீட்டு இல்லாத வியாபாரிக்கும் இல்லத்தரசிக்கும் நல்ல தொடக்கம், வைப்புத்தொகையின் பேரில் தரும் கிரெடிட் கார்டு. 20,000 ரூபாய் டெபாசிட் போட்டால், பல வங்கிகள் அதில் 80 முதல் 90 சதவீதம் வரை வரம்பு தருகின்றன. டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாகப் பார்த்து வாங்குங்கள். கட்டணம் உள்ள கார்டை வாங்கி, பயன்படுத்தாமல் பீரோவில் வைத்துவிட்டு, அந்தச் சில நூறு ரூபாய் பாக்கியாலேயே ஸ்கோரைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

வரம்பு 16,000 என்றால் மாதம் 4,800-க்குள், அதாவது 30 சதவீதத்துக்குள், செலவழியுங்கள். பெட்ரோல், கரண்ட் பில், மளிகை போதும். பெரிய பொருள் வாங்கி அதைத் தாண்டிவிட்டால், பில் போடும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் பில்லில் நிற்கும் பாக்கிதான் அந்த நிறுவனங்கள் வைத்திருக்கும் உங்கள் கடன் அறிக்கைக்குப் போகிறது. பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் தவணை தவறியதாக ஏறாது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து, பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல், வட்டி ஓடும். கந்துவட்டிக்குப் பயப்படும் நாம் இதற்கும் பயப்பட வேண்டும். முழுத் தொகையும் தானாகப் பிடித்தமாகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இப்படி ஓட்டினால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் ஸ்கோர் பிறக்கும். அதுவரை நான்கைந்து வங்கிகளில் கடன் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பதால் அது குறையாது.

வங்கி நகைக் கடனும் அறிக்கையில் ஏறும். பலர் எடுப்பது, வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் கடன். அதனால் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியதற்கான பதிவு சேராது. மாதத் தவணையில் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். ‘நகை அங்கேதானே இருக்கிறது’ என்று கெடு தேதியைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய சேதம். கடந்த நாட்கள் ஒவ்வொன்றும் எண்ணப்படும், 90 நாள் தாண்டினால் வாராக் கடன் ஆகிவிடும். நகை ஏலம் போய் வங்கிக்குப் பணம் வந்தாலும் அந்தத் தாமதம் அறிக்கையில் நிற்கும்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பல வருஷம் ஒழுங்காகக் கடன் கட்டிய பதிவு இங்கே வராது. ஊர் திரும்பி வீடு புதுப்பிக்க நினைப்பவர்கள் ஒரு வருஷம் முன்பே இங்கு ஒரு கணக்கைத் தொடங்குவது நல்லது.

மச்சான் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் வரும். அவர் தவறினால் உங்கள் ஸ்கோரும் இறங்கும். உறவுக்காகப் போடத்தான் வேண்டுமென்றால், தவணைத் தேதியை நீங்களும் குறித்துவைத்து மாதாமாதம் விசாரியுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. அய்யா பெயரைப் பேரன்மார்களுக்கு வைப்பதால், பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே பெயரில் இருப்பார்கள். பான் கார்டில் தலைப்பெழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என்று மாறியும் கிடக்கும். அதனால் ஒருவர் கடன் இன்னொருவர் அறிக்கையில் ஏற வாய்ப்புண்டு. நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்து, பான் எண், பிறந்த தேதி, ஒவ்வொரு கணக்கின் பாக்கி ஆகியவற்றைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம், கடன் கொடுத்த வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் எண்ணையும் தேதியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.