துபாய் ஃபிளாட்: முதல் சிக்கல் கொழிஞ்சாம்பாறையிலேயே இருக்கிறது

போன வருசம் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தர் பிளாஸ்டிக் கவரில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வழவழத் தாளில் நீச்சல்குளப் படம், பாஸ்புக், கடைசியில் ஒரு ரசீது. கோயம்புத்தூரில் ஒரு ஓட்டல் ஹாலில் துபாய் ஃபிளாட் விற்றார்களாம். வீட்டுக்காரர் அங்கே ஏசி மெக்கானிக், அவருக்கு ஒரு சொந்த வீடு அமையட்டும் என்று இவர் ஐந்து லட்சம் ரூபாய் ரொக்கமாக டோக்கன் கொடுத்திருக்கிறார். ரசீதில் கம்பெனி முத்திரை கிடையாது, ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும். “அங்க திர்ஹமா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்னாங்க தம்பி” என்றார்.

எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் இதற்குப் பெயர் குழல்பணம். இங்கே ரூபாய் கொடுத்து அங்கே அந்த ஊர்ப் பணமான திர்ஹமாக வரவு வைப்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி விதிமீறல். அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். அதைவிடப் பெரிய அடி, விதியை மீறி வெளிநாட்டில் சொத்து வாங்கியதாக அமலாக்கத் துறை கருதினால், அதே மதிப்புக்கு இந்தியாவில் உள்ள சொத்தைப் பிடித்து வைக்கலாம். துபாய் ஃபிளாட்டுக்காக வேலந்தாவளத்துத் தென்னந்தோப்பு மாட்டும். ஹாலில் ஜூஸ் கொடுத்து உட்கார வைப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஊரில் குடியிருப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்க நேர்வழி இருக்கிறது. எல்ஆர்எஸ் என்பார்கள், ரிசர்வ் வங்கித் திட்டம். ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலமாக அனுப்பலாம். திர்ஹம் கணக்கில் 9 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்காரர் துபாயில் சம்பாதித்து அங்கேயே வைத்திருக்கும் பணத்துக்கு இந்தத் திட்டமே தேவையில்லை. இங்கிருந்து போகும் பணத்துக்குத்தான் இத்தனை பாடு.

பாடு வங்கி வாசலில் ஆரம்பிக்கும். அந்த அக்காவை நேர்வழியில் திருப்பிவிடலாம் என்று நானும் கூடப் போனேன். கொழிஞ்சாம்பாறையில் உள்ள உள்ளூர்க் கிளையில் “அதெல்லாம் பாலக்காடு போகணும்” என்றார்கள். பாலக்காட்டில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஃபாரெக்ஸ், அதாவது வெளிநாட்டுப் பண வேலை பார்ப்பவர் லீவு, கோயம்புத்தூர் கிளைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், கணக்கு எங்கே இருக்கிறதோ அந்தக் கிளைதான் ஏ2 ஃபாரம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்) வாங்க வேண்டும் என்று மறுபடி கொழிஞ்சாம்பாறைக்கே திருப்பிவிட்டார்கள். மூன்று பஸ், ஒரு பகல், ஒரு கையெழுத்தும் இல்லை. மேலாளரிடம் “ஏ2 ஃபாரம் கொடுங்கள், முடியாதென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்ட பிறகுதான் டிராயர் திறந்தது. நீங்களும் அப்படியே கேளுங்கள். புதுக் கணக்கு தொடங்கி உடனே அனுப்பப் பார்க்காதீர்கள். ஒரு வருசமாவது ஓடிய கணக்கு இருக்கும் வங்கிக்கே போங்கள், இல்லாவிட்டால் பழைய ஸ்டேட்மென்ட் கொண்டு வா என்று இன்னொரு அலைச்சல். பான் கார்டு கட்டாயம்.

அடுத்தது டிசிஎஸ். வருசத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். 30 லட்சம் அனுப்பினால் மேல்பட்ட 20 லட்சத்துக்கு 4 லட்சம். இது தொலைந்த பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கட்டவேண்டிய வரியில் கழியும், மிச்சம் திரும்பி வரும். ஆனால் தோப்பும் வயலும் மட்டும் வைத்திருக்கும் நம் ஆட்கள் கணக்கே தாக்கல் செய்ததில்லை, அந்த நாலு லட்சம் அப்படியே கிடக்கும். பில்டருக்குத் தவணை கட்ட வேண்டிய தேதியில் கையில் பணம் குறையும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

நகையை அடகு வைத்து அனுப்பலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்படி வெளிநாட்டில் சொத்து வாங்கப் போகும் பணத்துக்கு வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்பது விதி. கிரெடிட் கார்டைத் தேய்த்து டோக்கன் போடுவதும் வேண்டாம். கார்டு கைச்செலவுக்கு, கட்டடம் வாங்க அல்ல.

இப்போது நான் அதிகம் பார்த்த கண்ணி. வீட்டுக்காரர் அங்கே சொந்தச் சம்பளத்தில் ஃபிளாட் வாங்குகிறார், பாசத்தில் மனைவி பெயரையும் சேர்க்கிறார். மனைவி ஊரில் இருக்கிறார், வருமானம் இல்லை. “எனக்கு என்ன வரி” என்று அவர் சும்மா இருப்பார். ஊரில் குடியிருப்பவர் பெயரில் வெளிநாட்டுச் சொத்து இருந்தால், வருமானம் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருசமும் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். ஐடிஆர் 1 என்ற எளிய வரிப் படிவம் செல்லாது. ஐடிஆர் 2இல் வெளிநாட்டுச் சொத்துக்கான ‘எஃப்ஏ’ அட்டவணையை நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 20 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் விலக்கு என்று யாராவது சொல்வார்கள். அந்த விலக்கு வங்கிக் கணக்கு மாதிரியானவற்றுக்கு, வீட்டுக்கு இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு ஐடிஆர் போட்டுக் கொடுக்கும் கடையில் இந்த அட்டவணையைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். நிரப்பிய பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கையில் வாங்குங்கள்.

வேலையை விட்டு ஊர் திரும்புகிறவருக்கும் இதே கதைதான். அங்கே இருந்தபோது வாங்கிய வீட்டை வைத்துக்கொள்ளவும் வாடகைக்கு விடவும் ஃபெமா அனுமதிக்கிறது. திரும்பி இரண்டு மூன்று வருசத்தில் வரிக் கணக்கில் முழு உள்ளூர்வாசி ஆகும்போதுதான் எஃப்ஏ அட்டவணை கழுத்தைப் பிடிக்கும். அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

துபாய்ப் பக்கத்து விதி ஒப்பீட்டில் தெளிவு. ஃப்ரீஹோல்டு, அதாவது வெளிநாட்டவரும் முழு உரிமையோடு வாங்கலாம் என்று அரசு அறிவித்த பகுதிகளில்தான் வெளிநாட்டவர் சொந்தமாக வாங்க முடியும். நம் ஆட்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் தேரா, கராமா பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது. கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் பணம் அந்தத் திட்டத்துக்கான எஸ்க்ரோ கணக்குக்கு (பில்டர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கு) மட்டுமே போக வேண்டும், 2007இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஏஜென்ட் தன் கணக்கு எண்ணை வாட்சப்பில் அனுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தவணை நின்றால், கட்டடம் 60 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்பட்சத்தில் பில்டர் வீட்டு விலையில் 40 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம், வேலை தொடங்கி அதற்குக் கீழே இருந்தால் 25 வரை. கட்டிய பணத்தில் அல்ல, விலையில். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டி முடித்த 8 லட்சம் திர்ஹம் ஃபிளாட் என்று வையுங்கள். அங்கே வேலையில் இருப்பவருக்கு முதல் வீடென்றால் வங்கி 80 சதவீதம் வரை கடன் தரலாம். மீதி 1,60,000 உங்கள் கை. நிலத்துறைப் பதிவுக்கு 4 சதவீதம், அது 32,000. தரகு பொதுவாக 2 சதவீதம், 16,000, அதன்மேல் வாட். 2025 பிப்ரவரியிலிருந்து இந்தப் பதிவுக் கட்டணத்தையும் தரகையும் கடனில் சேர்க்க முடியாது. ஆக 2,10,000க்கு மேல் ரொக்கம் இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். பத்து வருச கோல்டன் விசா என்ற ஆசை வார்த்தைக்கு 20 லட்சம் திர்ஹம் சொத்து வேண்டும். பிறகு வருசா வருசம் சதுர அடிக்கணக்கில் சர்வீஸ் சார்ஜ். கட்டடத்துக்கே மொத்தமாகக் குளிரூட்டும் இடங்களில் ஏசிக்குத் தனி பில் வரும், வெளியே 45 டிகிரி அடிக்கும்போது அதை நிறுத்தவும் முடியாது.

வாங்கும்வரை வாடகையில் இருப்பவருக்கு ஒன்று. வீட்டை விற்கப் போகிறேன், ஒரு மாதத்தில் காலி செய் என்று ஓனர் வாட்சப் போட்டால் பெட்டியைக் கட்ட வேண்டாம். நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் தர வேண்டும். வாடகையை ஏற்றுவதற்கும் ஒப்பந்தம் முடிய 90 நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எஜாரி என்ற அரசு வாடகைப் பதிவில் பதிந்து வைத்திருங்கள்.

அக்காவின் ஐந்து லட்சம் இன்னும் வரவில்லை. ரசீதில் இருந்த நம்பர் இப்போது ரிங் போகிறது, யாரும் எடுப்பதில்லை.